கொக்கி வண்டு

வெந்நீரில் போட்டு நான்கு நிமிஷம் இருக்கும். சின்னவள் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். கொக்கியைக் காணோம்.

அவள் உடனே பதறிவிடவில்லை. வெளிச்சம் சரியாக விழவில்லை, தூசி மறைக்கிறது, வயசாகி நமக்குத்தான் கண் மங்கிவிட்டது என்று சமாதானத்துக்கு மேல் சமாதானமாகச் சொல்லிக்கொண்டாள். விளக்கைத் திருப்பி வைத்தாள். மூன்று மயிர் மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகையால் அந்தத் துணுக்கைப் புரட்டிப் பார்த்தாள். நுனி மழுங்கலாக, மொழுமொழுவென்று, அந்த ஓடையில் பிடித்த மற்ற வண்டுகளுக்கு இருப்பதைப் போலவே இருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் மட்டும் மஞ்சளாக ஓர் இழை நெளிந்து நெளிந்து கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. முப்பத்தேழு வருஷமாகக் கோந்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கோந்து கரைவது தெரியாதா என்ன?

"ஐயோ, போச்சு" என்றாள். பூச்சிப் பிரிவின் அந்த நீள அறையில் அவளைத் தவிர ஆள் இல்லை. இரும்பு அலமாரிகளும் அந்துருண்டை வாசனையும்தான் இருந்தன. அவை யாரிடம் போய்ச் சொல்லப்போகின்றன?

போனது என்ன என்று தெரிய வேண்டுமானால் அக்கா தங்கை இருவரின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெரியவள் நீர்வண்டுகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கிறவள். இந்த அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுக்கு இருபத்தாறு வருஷம் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்னவள் அவளைவிட ஒன்பது வயது இளையவள். அதே பிரிவில் ஒட்டுகிற வேலை. ஓடையிலும் குட்டையிலும் வலை போட்டு அள்ளிவந்த வண்டுகளைக் கழுவி, கால்களை நீவிவிட்டு, துண்டு அட்டையில் கோந்தால் ஒட்டி, ஊசியில் குத்தி, எங்கே எப்போது யார் பிடித்தது என்ற சீட்டை அடியில் செருகி வைக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். வண்டு எள்ளைவிடச் சற்றுப் பெரிசு, அதற்கு ஆறு கால். ஒரு கால் உடைந்துவிட்டால் பெரியவள் வீட்டுக்கு வந்த பிறகும் விடமாட்டாள், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

ஒட்டுவது பாதி வேலைதான். இந்தச் சின்ன வண்டுகள் வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உருண்டை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கிற உறுப்பை வெளியே எடுத்து, அதன் நுனி எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும். வளைத்த ஊசியால் அதை உருவி எடுத்து, வண்டுக்குப் பக்கத்திலேயே அட்டையில் ஒட்டிவைப்பதும் சின்னவள் பொறுப்பு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். "கல்யாணமே வேணாம்னுட்டாங்க உங்க அக்கா. ஆனா ஆபீஸ்ல நாள் பூரா ஆம்பளைங்க அந்தரங்கத்தையே பாத்துட்டு இருக்காங்களாமே" என்று அடுத்த வீட்டுக்காரி ஒருமுறை கேலி பண்ண, பெரியவள் ஜன்னல் வழியாகவே பதில் சொன்னாள்: "பாத்ததாலதான்மா வேணாம்னுட்டேன்."

சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது. இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அக்காவிடம் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கையில் இடுக்கியைக் கொடுத்து மேஜை முன்னால் உட்காரவைத்தவள் பெரியவள். அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் வண்டின் கால் உடையும், ஆகவே அழாதே என்றாள். அவள் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

கொக்கியின் கதை இருபத்தொரு வருஷத்துக்கு முந்தியது. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, பெரியவள் சேறு காயாத செருப்போடு காட்டோடையிலிருந்து வந்து நாற்பது வண்டுகளை மேஜையில் கொட்டினாள். "ஆணா இருக்கறதை எல்லாம் இன்னிக்கே எடுத்து ஒட்டிக் குடு" என்றாள். இன்றைக்கு என்றால் இன்றைக்கேதான், அவளிடம் பேரம் பேச முடியாது. சின்னவள் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒட்டி முடித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அறையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். "ஏய், இங்க ஓடி வாடி! இதைப் பாரு!"

பதினொரு ஆண் வண்டுகளில் பத்துக்கு நுனி மழுங்கல். ஒன்றுக்கு மட்டும் நுனியில் பின்பக்கமாக வளைந்த ஒரு குட்டிக் கொக்கி. தேன் நிறத்தில் பளபளத்தது. சின்னவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும்தான் குதித்தாள்.

அந்தக் கொக்கியை வைத்தே லத்தீனில் ஒரு பெயர் சூட்டினாள் பெரியவள். வீட்டில் அது வெறும் கொக்கி. சாதாரண இனத்துக்கு மழுங்கன் என்று பெயர். ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயரைச் சுமப்பதற்கென்று ஒரே ஒரு உடலைத் தேர்ந்தெடுத்துச் சிவப்புச் சீட்டு குத்தி வைப்பார்கள். உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கொக்கிக்குத் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லாமல் போயிற்று, இருந்ததே ஒன்றுதானே. வேறு ஊர் நிபுணர் ஒருவர், ஒரே ஒரு உடலை வைத்துக்கொண்டு புது இனம் என்று சொல்லிவிடலாமா என்று கடிதம் எழுதினார். "கொக்கி தானாக முளைத்துவிடாது ஐயா" என்று பெரியவள் சுடச்சுடப் பதில் போட்டாள். அதைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் சின்னவள்தான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பெரியவள் அந்த ஓடைக்குப் போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். மழுங்கன்களாகவே வந்தன. எட்டாம் வருஷம் மேட்டில் கல்குவாரி வந்து ஊற்று அடைபட்டது, ஓடை வெறும் கல்லும் புழுதியுமாகக் கிடந்தது. கொக்கி இனி உலகத்தில் இல்லை என்று பெரியவள் எழுதினாள். அதுதான் அவளைப் பெரிய ஆளாக்கியது. பத்திரிகைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். நம் கண்ணெதிரே அழிந்துபோன வண்டு என்று பிள்ளைகளின் பாடத்தில் வந்தது. அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் அதன் படத்தை ஆள் உயரத்துக்கு மாட்டி, கீழே அவள் பெயரைப் போட்டார்கள். நூற்று நாற்பத்தொரு இனங்களை அலசித் தீர்த்தவளை உலகம் அந்த ஒன்றை வைத்துத்தான் தெரிந்துகொண்டது.

இப்போது ஈரல் கெட்டுப் படுத்திருக்கிறாள். படுத்தபடியே தன் நீர்வண்டுப் புத்தகத்தைச் சொல்லிக்கொண்டு வர, சின்னவள் எழுதுகிறாள். மாதக் கணக்கில்லை, வாரக் கணக்குதான் என்று டாக்டர் வாசலில் வைத்துச் சின்னவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் படியிறங்குவதற்குள், "என்னடி சொன்னாரு, வாரமா, மாசமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் பெரியவள். அவளிடம் எதைத்தான் மறைக்க முடியும்?

சிவப்புச் சீட்டு குத்திய உடல்களை எல்லாம் படம் எடுத்து வைக்க வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. உறுப்பை நாலா பக்கமும் திருப்பிப் படம் பிடிக்க வேண்டும், பழைய கோந்துப் பொருக்கை ஊறவைத்து எடுத்து வையுங்கள் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். அதற்காகத்தான் சின்னவள் அன்று கொக்கியை வெந்நீரில் போட்டது.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்தாள். அந்தச் சாயங்காலம் இப்போது துல்லியமாக நினைவுக்கு வந்தது. கோந்து பாட்டிலின் அடிக்குப் போயிருந்தது. கெட்டியாக இருந்ததால் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். புதுசு காய்ச்சுவதற்கு நேரம் எங்கே இருந்தது? சரியாகக் கரையாத கோந்து இழை இழுக்கும். ஊசியை அவசரமாக எடுத்திருப்பாள், இழை நீண்டு அறுந்து நுனியில் மடிந்து விழுந்து காய்ந்திருக்கும். அவ்வளவுதான். கொக்கி பிறந்துவிட்டது.

மேலிடத்தில் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குத் தொலைபேசி போகும். சாகக் கிடக்கிறவளிடம் போய், நீ பெயர் வாங்கிய வண்டு என் ஊசியிலிருந்து சொட்டிய கோந்து என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் பெயர் போகும், மானம் போகும், மிச்சமிருக்கிற நாலு வாரமும் நரகமாகப் போகும். சொல்லாவிட்டால் அக்கா நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். பிறகு வருவது வரட்டும். இப்படித்தான் சின்னவள் முடிவு செய்தாள். முடிவு செய்ததும் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. நாளைக் காலையில் படக்காரர் வந்து கொக்கி எங்கே என்று கேட்பாரே!

எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டாள். அந்த அறையை அவள் உள்ளே இருந்துகொண்டு தாழ்போட்டதே இல்லை.

முதல் தடவை கோந்து மொத்தையாக விழுந்தது, துடைத்தாள். இரண்டாம் தடவை இழை நேராக நின்றுவிட்டது. மூன்றாம் தடவை ஊசியை அன்று எடுத்த மாதிரியே வெடுக்கென்று எடுத்தாள். இழை தானாக மடிந்து வளைந்து படுத்தது. இருபது நிமிஷத்தில் காய்ந்து தேன் நிறமாகிவிட்டது. அக்கா வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அச்சு அசல். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் படுத்துவிட்டாள்.

மறுநாள் படக்காரர் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்கினார். இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதை தெரிந்த மனிதர்.

"மேடம், முதல்ல கொக்கிதான்" என்றார். "நான் இந்த வேலைக்கு வந்ததே அதால. ஸ்கூல்ல படிக்கறப்போ அந்தப் பாடத்தைப் படிச்சிட்டு எங்க அம்மாகிட்ட அழுதிருக்கேன்."

"அழுதீங்களா? எதுக்குத் தம்பி?"

"ஒரே ஒரு தடவை கண்ணுல பட்டுட்டு இல்லாமப் போயிடுச்சே மேடம்."

சின்னவள் அட்டையை எடுத்து வைத்தாள். சிவப்புச் சீட்டு குத்தியதைத் தண்ணீரில் போட மனசு வரவில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகு நேரம் நிமிரவே இல்லை. "என்னா அழகு மேடம்!" என்றார். அறுபது படம் எடுத்தார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஒட்டினவங்க பேரையும் படத்துல போடணும்னு இப்ப ஒரு முறை வந்திருக்கு. உங்க பேரைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க மேடம்."

முப்பத்தேழு வருஷத்தில் அவள் பெயரை யாரும் எதிலும் போட்டதில்லை. பெரியவளின் கட்டுரைகளில் கடைசி வரியில், ஒட்டிக் கொடுத்த என் தங்கைக்கு நன்றி என்று வரும், அவ்வளவுதான். இன்று கேட்கிறார்கள், எதற்கு என்று பாருங்கள்! பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டு எடுத்தாள். "நாளைக்கு வருவீங்கல்ல, அப்ப எழுதித் தரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் முன்னறை ஜன்னலோரம் கட்டில். பெரியவள் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாள். வயிறு மட்டும் வீங்கி, மற்றதெல்லாம் வற்றியிருந்தது. பகலுக்கு வரும் நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாள்.

"வந்தானா படக்காரன்?"

"வந்தார்."

"கொக்கியைப் பாத்தானா? என்ன சொன்னான்?"

"அழகா இருக்குன்னார்."

"ம்." பெரியவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. வலியாக இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். "நோட்டை எடு. கொக்கி அத்தியாயத்துல கடைசியா ஒரு பாரா சேர்க்கணும். நான் சொல்றதை அப்படியே எழுதணும். நடுவுல வாயைத் திறக்கக் கூடாது."

சின்னவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் போல அச்சுக்குப் போகிற தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இந்த இனம் கல்குவாரியால் அழிந்தது என்று நான் எழுதியதும் பேசியதும் உண்மை அல்ல."

பேனா நின்றது.

"எழுதுடி. குவாரி வருவதற்கு முந்தைய ஏழு வருஷமும் ஓடையில் தண்ணீர் இருந்தது. மற்ற வண்டுகள் இருந்தன. இது மட்டும் இல்லை. நான் பிடித்த ஆண்தான் கடைசி ஆணாக இருந்திருக்க வேண்டும். அதை நான் ஸ்பிரிட் குப்பியில் போட்டுக் கொன்றேன். இந்த இனத்தை அழித்தது நான்."

"என்னக்கா இது?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னேன்ல." பெரியவள் கண்ணைத் திறந்தாள். "சாகறதுக்குள்ள எங்கயாவது சொல்லிடணும்டி. முடியல. வலையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தேன், அதுல இதுவும் ஒண்ணு. குறுகுறுன்னு ஓடிட்டே இருந்துச்சு. கையைத் தண்ணியில வச்சிருந்தா போயிருக்கும். நாந்தான் குப்பியைத் திறந்தேன்."

"அக்கா..."

"வருஷா வருஷம் எதுக்குப் போனேன்னு நெனச்ச? பேர் வாங்கவா? இன்னொண்ணு கண்ணுல பட்டுடணும், நான் கொல்லலன்னு தெரிஞ்சுடணும், அதுக்குத்தான் போனேன். குவாரி வந்ததும் எல்லாரும் பழியைக் குவாரிக்காரன் தலையில போட்டாங்க. நானும் வாயை மூடிட்டு இருந்துட்டேன். அந்தப் படத்தை மாட்டி, கீழ என் பேரை வேற போட்டாங்க. அந்த வழியா போறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் போவேன். நீ பாத்ததில்ல?"

சின்னவள் பார்த்திருக்கிறாள். பதின்மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அக்காவுக்கு அடக்கம் அதிகம் என்று நாலு பேரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த மனசில் இருந்தது தெரியாமலே இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். எதைக் காப்பாற்றிக் கொடுப்பதாக நினைத்து நேற்று கதவைத் தாழ்போட்டாளோ அதுதான் இவளைத் தின்றுகொண்டிருக்கிறது. சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் தன் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும்.

"அக்கா, கொக்கி கிடையாது."

"கிடையாதுன்னா? தொலைச்சுட்டியா?"

"கரைஞ்சு போச்சு. வெந்நீர்ல போட்டேன், கரைஞ்சு போச்சு. அது கோந்துக்கா."

பெரியவள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"எந்தக் கோந்து?"

"அன்னைக்குப் பாட்டில் அடியில இருந்தது. கெட்டியா இருந்துச்சு, தண்ணி விட்டுக் கலக்கினேன். இழை இழுத்திருக்கு."

"எவ்வளவு நேரத்துல கரைஞ்சுது?"

"நாலு நிமிஷம்."

"எவ்வளவு சூடு?"

"கை பொறுக்கற சூடுதான்."

"கொக்கி ஒடிஞ்சு விழுந்திருக்கலாம். நுனியில தடம் இருக்கா?"

"இல்லக்கா. நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். மழுங்கல். மத்த பத்து மாதிரியே."

"படக்காரன் அழகா இருக்குன்னான்னு சொன்னியே. எதைப் பாத்துச் சொன்னான்?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் திரும்ப வச்சேன். மூணாவது தடவைல சரியா வந்துச்சு."

"அடிப்பாவி!" பெரியவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. முழங்கையை ஊன்றிக்கொண்டாள். கண்ணில் அப்படி ஒரு கோபம். "சிவப்புச் சீட்டு குத்தினதுல கை வச்சியா? உன்னை நான் என்ன சொல்லி வளர்த்தேன்? கால் ஒடிஞ்சா ஒடிஞ்சதுன்னு எழுதி வை, ஒட்டி மறைக்காதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டிருந்தேனே! முப்பத்தேழு வருஷம் என் பக்கத்துல உக்காந்து இதைத்தான் கத்துக்கிட்டியா?"

"உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா? நீ பேரோட போகணும்னு நெனச்சுட்டேன். தப்புதான். ரெண்டு தடவையும் தப்பு என்னுதுதான். என்ன வேணா திட்டு." சின்னவள் அழுதாள். அழுதால் கை நடுங்கும் என்று சொன்னவளின் எதிரிலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

பெரியவள் திட்டவில்லை. தலையணையில் மெல்லச் சரிந்து மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு மட்டும் அசைந்தது, ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி. பிறகு, ஒரு பெட்டியிலிருந்து ஒவ்வொரு வண்டாக எடுத்துப் பார்க்கும்போது கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"அப்போ நான் கையில வச்சிருந்தது மழுங்கன்."

"ஆமாக்கா."

"சாதா மழுங்கன்."

"ஆமா."

"மழுங்கன் இப்ப எங்க இருக்கு?"

"எங்க இல்லக்கா? அந்த ஓடைதான் போச்சு. கீழ ஆத்துல போன மாசம்கூடப் பத்துப் பதினஞ்சு வந்துச்சு. நாந்தான் ஒட்டினேன்."

"பத்துப் பதினஞ்சா?"

"வேணும்னா பெட்டியோட கொண்டுவந்து காட்டறேன்."

பெரியவளின் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. வலி வந்துவிட்டது என்று நினைத்துச் சின்னவள் மாத்திரைக்கு எழுந்தாள். "உக்காருடி, மாத்திரை வேணாம்" என்றாள் பெரியவள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல், "மழுங்கனாம்டி, மழுங்கன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஓடிப்போன பிள்ளை எங்கேயோ சுகமாக இருக்கிறான் என்று சேதி வந்த வீட்டில் அழுவார்களே, அப்படி இருந்தது அந்த அழுகை.

கொஞ்ச நேரம் கழித்து, "குவாரிக்காரனை மட்டும் விட்டுடாதே. அவன் ஓடையை அடைச்சது அடைச்சதுதான்" என்றாள்.

"விடலக்கா."

"அந்தப் பாராவை அடி."

சின்னவள் அடித்தாள்.

"அத்தியாயத்தையே அடி. புதுசா எழுதிக்கோ." பெரியவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். "கொக்கி என்று இந்த நூலாசிரியை விவரித்த உறுப்பு, காய்ந்த கோந்து. சிவப்புச் சீட்டு குத்திய உடல் சாதாரண இனத்தைச் சேர்ந்த ஓர் ஆண். இப்படி ஓர் இனம் இருந்ததில்லை."

"ஒட்டினதுல நடந்த தப்புன்னு எழுதறேன்க்கா. ஒட்டினது நான்னு எழுதறேன்."

"எழுதாதே. நீ ஒட்டின, அவ்வளவுதான். அதைக் கொக்கின்னு சொன்னவ நான். கடிதம் போட்டுக் கேட்டாரே ஒரு மனுஷன், ஒரு தடவை தண்ணியில போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். திமிரு, பாக்கல. தப்பைக் கண்டுபிடிச்சது யாருன்னு மட்டும் எழுது. உன் பேரை எழுது, முழுசா."

சின்னவள் எழுதினாள். தன் பெயரை எழுதுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நாளைக்குக் காலையில அந்தப் படக்காரன் எதிர்ல நீ வச்சதை நீயே கரைச்சுக் காட்டு. அதையும் படம் எடுக்கச் சொல்லு. அப்புறம் மேலிடத்துல போய் முன்கூடத்துல இருக்கறதைக் கழட்டச் சொல்லு."

"எல்லாரும் சிரிப்பாங்கக்கா. இத்தனை வருஷம் ஒரு சொட்டுக் கோந்துக்காக ஒப்பாரி வச்சாங்கன்னு உன்னைச் சொல்லிச் சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க போ" என்றாள் பெரியவள். "ஒரு வம்சத்தை அழிச்சவ நான் இல்லடி."

அவள் தண்ணீர் கேட்டாள். சின்னவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியைச் சொல்ல ஆரம்பித்தாள்.